கள்ளிச்செடியில் பழுப்புப் புள்ளியா? முதலில் அழுத்திப் பாருங்கள்

தொட்டிக் கள்ளியில் பழுப்பாக ஏதாவது தெரிந்தால் வழக்கமாக நடப்பது இரண்டில் ஒன்று. தண்ணீரை நிறுத்துவார்கள், அல்லது வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு மருந்தைக் கலக்கி அடிப்பார்கள். வெயில் சுட்ட தழும்புக்கு எந்த மருந்தும் பயன்படாது. செஞ்சிலந்தி என்ற தூசளவு சாறுறிஞ்சி கடித்த செடிக்குத் தண்ணீரை நிறுத்தினால் செடி இன்னும் வாடும், சிலந்தி இன்னும் பெருகும். வேர் அழுகலிலோ தண்ணீரை நிறுத்துவதால் மட்டும் அழுகல் நிற்காது. அதற்கு வேண்டிய ஈரம் முழுக்கத் தண்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே மருந்தைத் தேடுவதற்கு முன்னால் எந்தப் பழுப்பு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிட வேலைதான்.

முதலில் அந்தப் புள்ளியை அழுத்திப் பாருங்கள். விரல் நுழையாதபடி முள் நெருக்கமாக இருந்தால் பென்சிலின் மழுங்கிய முனை போதும். பக்கத்தில் பச்சையாக இருக்கும் இடத்தையும் அதே அழுத்தத்தில் அழுத்தி ஒப்பிடுங்கள். பழுப்பு இடம் காய்ந்து கெட்டியாக இருந்தால் அவசரம் இல்லை, ஒரு வாரம் வைத்துப் பார்த்துக்கூட முடிவு செய்யலாம். உள்ளே அமுங்கினால், வேகவைத்த கத்திரிக்காய் போலக் குழைந்தால், நீர் கசிந்தால், கெட்ட வாடை அடித்தால், அன்றைக்கே கத்தி எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட செடி கையில் இருக்கிறவர்கள் நடுவில் உள்ளதை விட்டுவிட்டு நேராக அழுகல் பகுதிக்குப் போய்விடலாம்.

கெட்டியான பழுப்பு என்றால் அடுத்து பார்க்க வேண்டியது மூன்று: அது எங்கே தொடங்கியது, செடியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, வளர்கிறதா இல்லையா. வளர்ச்சியைக் கண்ணால் மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். பழுப்பின் ஓரத்தை ஒட்டி மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து ஃபோனில் படம் எடுங்கள். ஏழு நாள் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொரு படம். கோட்டைத் தாண்டாத புள்ளி பழைய காயம். தாண்டியிருந்தால் பூச்சியோ பூஞ்சையோ இன்னும் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஒன்றை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பழுப்பான தோல் மறுபடி பச்சையாகாது. மற்ற செடிகள் கெட்ட இலையை உதிர்த்துவிட்டுப் புது இலை விடும். கள்ளிக்குத் தண்டுதான் இலையின் வேலையைச் செய்கிறது, அதை உதிர்க்க வழியில்லை. எனவே வைத்தியம் பலித்ததா என்று பார்க்க வேண்டிய இடம் நுனி: அங்கே வரும் புது வளர்ச்சி சுத்தமான பச்சையாக இருந்தால் செடி தேறிவிட்டது.

தொட வேண்டாத பழுப்பு

வயதான கள்ளியின் அடிப்பகுதி தானாகவே பழுப்பாகும். மண்மட்டத்தில் தொடங்கி, சுற்றிலும் ஏறக்குறைய சமமாக, மாதக்கணக்கில் மெல்ல மேலேறும். தொட்டால் கட்டை போலச் சொரசொரப்பாக இருக்கும். செடியின் எடையைத் தாங்கத் தோல் தடித்துப்போவதுதான் இது. தூண் மாதிரி வளரும் செரியஸ், சப்பாத்திக்கள்ளி இரண்டிலும் இதை நன்றாகப் பார்க்கலாம். ஐந்தாறு வயதான உருண்டைக் கள்ளிகளிலும் வரும். அசிங்கமாக இருக்கிறதே என்று மண்ணைக் குவித்து அதை மூடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எப்போதும் காய்ந்திருக்க வேண்டிய கழுத்துப் பகுதி ஈரத்தில் உட்கார்ந்துவிடும், இல்லாத அழுகலை நாமே வரவழைத்ததாகிவிடும். சந்தேகம் இருந்தால் செடியைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். இயல்பான பட்டை என்றால் செடி உறுதியாக நிற்கும். கழுத்து அழுகிய செடி தொட்டியில் ஆடும்.

வெயில் சுட்ட இடம் ஒரே பக்கத்தில், சூரியனைப் பார்த்த மேடுகளில் மட்டும் இருக்கும். மேடுகளுக்கு நடுவே நிழல் விழும் பள்ளம் பச்சையாகவே இருப்பது இதற்கு நல்ல அடையாளம். முதலில் வெளிறி மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாறும், சில நாளில் காய்ந்து பழுப்பாகும். நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடியை வாங்கிவந்த அன்றே மேற்குப் பார்த்த பால்கனியில் வைத்தால் ஒரே நாளில் இது நடக்கும். கண்ணாடி ஜன்னலுக்குள் மாதக்கணக்கில் இருந்ததைத் திடீரென்று மொட்டைமாடிக்கு ஏற்றினாலும் இதே கதைதான். கள்ளி பாலைவனச் செடி ஆயிற்றே என்று கேட்கலாம். பாலைவனத்திலும் பல கள்ளிகள் சிறு வயதில் புதர் நிழலில்தான் வளர்கின்றன. வெயிலைத் தாங்கும் தோல் பழகப் பழகத்தான் உருவாகும்.

செய்ய வேண்டியது: காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். தழும்பைச் சுரண்டாதீர்கள், அந்தக் காய்ந்த தோல்தான் இப்போது அங்கே காப்பு. பழக்குவதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரம் காலை வெயில், பிறகு சிறிது சிறிதாக நான்கு மணி நேரம் வரை. மே மாதக் கத்திரி வெயிலில் பழகிய செடிக்குக்கூட மேற்கு வெயில் நேராகப் படும் இடத்தில் 50 சதவீத நிழல்வலை கட்டுவது நல்லது. சுட்ட இடம் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் குழைந்துவிட்டால் அதன் வழியாகப் பூஞ்சை இறங்கிவிட்டது என்று பொருள், அப்போது அதை அழுகலாகவே நடத்த வேண்டும்.

பரிசுக் கடைகளில் வாங்கும் சின்னக் கள்ளிகளின் தலையில் காகிதப் பூவைச் சூடான பசையால் ஒட்டி விற்கிறார்கள். அதைப் பிடுங்கினால் தோலோடு வரும், அந்த இடம் பழுப்பு வட்டமாகக் காயும். தழும்போடு நின்றுவிட்டால் கவலை இல்லை. ஆனால் பூ ஒட்டியிருப்பது வளரும் நுனியின் மேலேயே என்றால், விட்டுவைத்தால் நுனி நசுங்கும், கழற்றினால் புண்ணாகும். கழற்றி, ஒரு வாரம் தலையில் தண்ணீர் படாமல் காய விடுவதே மேல்.

தோலில் சின்னச் சின்னக் கொப்புளமாகத் தொடங்கி, பிறகு பழுப்பாகத் தடித்துப்போகும் புள்ளிகள் நீர்க்கோப்பால் வருபவை. வேர் உறிஞ்சும் வேகத்துக்குத் தண்டு நீரை வெளியேற்ற முடியாதபோது தோலுக்கு அடியில் உள்ள செல்கள் வெடிக்கின்றன. மேகமூட்டமான ஐப்பசி, கார்த்திகையில் கோடையில் ஊற்றிய அதே அளவு ஊற்றினால் இதைப் பார்க்கலாம். தொற்று கிடையாது. தண்ணீர் இடைவெளியைக் கூட்டி, காற்று வரும் இடத்தில் வைத்தால் புதிதாக வராது.

நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: பூச்சிகள்

பழுப்புப் புள்ளி என்று நினைத்தது சில சமயம் புள்ளியே கிடையாது, பூச்சி. கடுகளவோ அதைவிடச் சிறியதோ ஆன வட்டமான சாம்பல் பழுப்பு மூடிகள் தோலில் ஒட்டியிருந்தால் நகத்தாலோ பல்குத்தியாலோ ஒன்றை நெம்பிப் பாருங்கள். மூடி கழன்று கீழே ஈரமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் அது செதில் பூச்சி. கழலாமல் தோலோடு தோலாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். மூடிக்கு அடியில் இருக்கும் பூச்சியை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. எனவே முதலில் கை வேலை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கியை நனைத்து, மேட்டுக்கு மேடு தேய்த்து உதிர்த்துவிடுங்கள். மறுநாள் மாலை வேப்பெண்ணெய்: 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 1 முதல் 2 மி.லி. பாத்திரம் கழுவும் திரவத்தை முதலில் கலக்கி, பிறகு 5 மி.லி. வேப்பெண்ணெயை விட்டுக் குலுக்க வேண்டும். வரிசை மாறினால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், அதை அடித்தால் ஒரு பக்கம் வெறும் தண்ணீரும் இன்னொரு பக்கம் எண்ணெய்ப் படலமும் விழும், எண்ணெய் விழுந்த இடம் வெயிலில் கருகும். 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை, மூன்று அல்லது நான்கு தடவை. நீலம் பூத்தாற்போல மெழுகுப் பூச்சுள்ள கள்ளிகளில் ஆல்கஹாலும் எண்ணெயும் அந்த மெழுகைக் கரைத்துவிடும். அவற்றில் பல்குத்தியால் மட்டும் எடுப்பதே பாதுகாப்பு.

மாவுப்பூச்சி முள் புறப்படும் பஞ்சுப் பொட்டுகளிலும் மேடுகளின் இடுக்கிலும் வெள்ளையாக ஒளிந்திருக்கும். அது சாறு உறிஞ்சிய இடம் பின்னால் பழுப்பாகும். வைத்தியம் அதேதான், பல்துலக்கிக்குப் பதில் காது குடையும் பஞ்சுக்குச்சி. மேலே ஒன்றும் இல்லாமலே செடி சோர்ந்து நிறம் மங்கினால் தொட்டியைக் கழற்றி வேரைப் பாருங்கள். வேரில் வெள்ளைத் தூள் போல ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுவதும் கழுவி எறிந்துவிட்டு, வேரைக் காயவைத்துப் புது மண்ணில் நட வேண்டும். சப்பாத்திக்கள்ளியில் தெரியும் வெள்ளைப் பஞ்சை நசுக்கினால் குங்குமச் சிவப்பாகச் சாறு வந்தால் அது கொச்சினீல் பூச்சி. தென்னிந்தியாவில் நிலங்களை அடைத்துக்கொண்ட சப்பாத்திக்கள்ளியை அழிக்க 1926ல் இலங்கையிலிருந்து இதன் ஒரு இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். புதர் புதராகக் கள்ளியைத் தின்று தீர்த்த பூச்சி இது, மாடியில் இருக்கும் ஒரு தொட்டி அதற்கு எம்மாத்திரம்.

இந்த வரிசையில் அதிகம் பேர் தவறவிடுவது செஞ்சிலந்தி. வெறும் கண்ணுக்கு ஓடும் தூசு மாதிரிதான் தெரியும். இது விட்டுப்போகும் பழுப்பு தனித்தனிப் புள்ளியாக இருக்காது. இரும்பில் துரு ஏறிய நிறத்தில் மெல்லிய படலமாக, வளரும் நுனியைச் சுற்றித் தொடங்கிக் கீழே பரவும். அடியிலிருந்து மேலே ஏறும் பழுப்பு வயது, நுனியிலிருந்து கீழே இறங்கும் பழுப்பு சிலந்தி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. உறுதி செய்ய, ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்துப் பெயின்ட் பிரஷால் நுனியைத் தட்டுங்கள். விழுந்த தூசு சில நொடியில் நடக்க ஆரம்பித்தால் சிலந்தி. நசுக்கி இழுத்தால் சிவப்புக் கோடு விழுவதும் உண்டு.

சிலந்தி பூச்சி இனமே கிடையாது, எட்டுக் கால் உள்ளது. மாவுப்பூச்சிக்கு வாங்கிய இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லி இதைக் கொல்லாது. பல சமயம் சிலந்தியைத் தின்னும் மற்ற உயிர்களைக் கொன்று நிலைமையை மோசமாக்கும். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிச் செடியைக் கழுவி, நிழலில் காற்றாட நிறுத்துங்கள். பிறகு உரக்கடையில் 80 சதவீதம் என்று கிடைக்கும் நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம், மாலையில் தெளிக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் முட்டை வளர்ந்த சிலந்தியாக ஒரு வாரம் போதும் என்பதால் 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை அடித்தால்தான் பொரித்து வருவதும் அடிபடும். இரண்டு எச்சரிக்கை: பகல் வெப்பம் 32, 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகம் தோலைச் சுடும், வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு மூன்று வாரத்துக்குள் கந்தகம் கூடாது. சித்திரை, வைகாசியில் சிலந்தி வந்தால் கந்தகத்தை மறந்துவிட்டு, தண்ணீரால் கழுவுவதும் மாலை நேர வேப்பெண்ணெயுமாகச் சமாளிப்பதே உத்தமம்.

காய்ந்த புள்ளி, ஆனால் வளர்கிறது

வட்டமான, லேசாகக் குழிந்த பழுப்புப் புள்ளி. நடுவில் வளையம் வளையமாகவோ கறுப்புப் பொட்டுகளாகவோ தெரிகிறது. ஈர நாட்களில் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுக்கிறது. இப்படி இருந்தால் பூஞ்சைப் புள்ளி நோய். மழைத்துளியும், நாம் ஊற்றும் தண்ணீரும் தெறித்துத்தான் இது பக்கத்துச் செடிக்குப் போகிறது. செடியைத் தனியே ஒதுக்குங்கள், மேலே தண்ணீர் படக்கூடாது. புள்ளி ஒன்றிரண்டு என்றால் சுற்றிலும் அரை செ.மீ. நல்ல சதையோடு சேர்த்துக் குடைந்து எடுத்துவிடலாம். சப்பாத்திக்கள்ளியாக இருந்தால் அந்த மடலையே இணைப்பில் வெட்டிவிடுங்கள். பிறகு காப்பர் ஆக்ஸிகுளோரைடு 50 சதவீதத் தூள், லிட்டருக்கு 2.5 கிராம், 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை. காப்பர் ஏற்கெனவே உள்ள புள்ளியை ஆற்றாது, புதிதாக விழும் வித்துகள் முளைக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். அதனால் வெட்டாமல் தெளித்து மட்டும் பயன் இல்லை.

மாடியில் டிராகன் பழம் வளர்க்கிறவர்களின் தண்டில் ஆரஞ்சுப் பொட்டாகத் தொடங்கி, சொறி மாதிரி தடித்து, பிறகு ஓட்டையாகிவிடும் நோய் இதே வகைதான். டிராகன் பழச்செடியும் கள்ளி இனம் என்பதால் பக்கத்தில் உள்ள தொட்டிகளுக்கும் தாவும். மழைக்காலத்துக்கு முன் அந்தத் தண்டுகளை வெட்டி அப்புறப்படுத்துவது மற்றச் செடிகளுக்கும் நல்லது.

குழைந்த பழுப்பு: அழுகல்

இங்கேதான் நாள் கணக்கு முக்கியம். அழுகல் ஒரு நாளில் ஒரு செ.மீ. ஏறுவதும் உண்டு. வெளியே தெரியும் பழுப்பு சிறியதாக இருந்தாலும் உள்ளே நடுத்தண்டின் வழியாக அது மேலே போயிருக்கலாம். மருந்து அடித்துவிட்டுக் காத்திருப்பது இந்த நிலையில் செடியைக் கைகழுவுவதற்குச் சமம்.

வெட்டும் முன் ஒன்றைப் பாருங்கள். உங்களிடம் இருப்பது உண்மையிலேயே கேக்டஸா, அல்லது சதுரக்கள்ளி, திருகுகள்ளி வகையா? கேக்டஸில் ஒவ்வொரு முள் கொத்தும் ஒரு சிறு பஞ்சுப் பொட்டிலிருந்து கிளம்பும். கள்ளிப்பால் வடிக்கும் வகைகளில் அந்தப் பொட்டு இருக்காது. அந்தப் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அவற்றை வெட்டுவதானால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெட்டிய பிறகு பால் நிற்கும்வரை வெட்டுவாயில் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். மற்றபடி முறை ஒன்றுதான்.

தேவையானவை: நீளமான மெல்லிய கத்தி (தடித்த சமையல் கத்தி சதையை நசுக்கும்), ஆல்கஹால், சுத்தமான துணி, செய்தித்தாள், கந்தகத் தூள் அல்லது சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள். முள்ளுள்ள செடியைப் பிடிக்கச் செய்தித்தாளை நாலாய் மடித்துப் பட்டையாக்கிச் செடியின் இடுப்பில் சுற்றிப் பிடியுங்கள். சப்பாத்திக்கள்ளி வகையின் கண்ணுக்குத் தெரியாத நுண்முள் கையில் ஏறிவிட்டால் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுக்கலாம்.

அடியிலிருந்து அழுகியிருந்தால்: தொட்டியிலிருந்து எடுத்து, குழைந்த பகுதிக்கு இரண்டு செ.மீ. மேலே குறுக்காக ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெட்டுவாயை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெளிவட்டம் பச்சை, உள்ளே வெளிர்ச் சதை, நடுவில் நாணய அளவிலோ சிறிதாகவோ ஒரு வளையம். தண்ணீர் போகும் குழாய்கள் அந்த வளையத்தில்தான் இருக்கின்றன. அந்த வளையத்தில் ஒரே ஒரு புள்ளி ஆரஞ்சாகவோ செம்பழுப்பாகவோ தெரிந்தாலும் நோய் மேலே இருக்கிறது. கத்தியை ஆல்கஹாலில் துடைத்து, ஒரு செ.மீ. தள்ளி மறுபடி வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். துடைக்காத கத்தி நோயைத் தானே அடுத்த வெட்டுவாய்க்குப் பூசிவிடும். வளையம் முழுவதும் வெள்ளையாகவோ வெளிர்ப் பச்சையாகவோ ஆகும்வரை போய்க்கொண்டே இருங்கள். ஒரு சாண் செடியில் நான்கு விரல்தான் மிஞ்சியது என்றாலும் பரவாயில்லை, அது வேர்விடும். மனம் வராமல் லேசான கறையோடு விட்ட செடி காயும் நாட்களிலேயே உள்ளிருந்து அழுகும்.

சுத்தமான இடம் வந்ததும் ஓரத்தைச் சுற்றிலும் பென்சில் சீவுவது போலச் சாய்வாகச் சீவிவிடுங்கள். காயும்போது நடுச்சதை உள்ளே சுருங்கும், கெட்டியான தோல் சுருங்காது. சீவாவிட்டால் வெட்டுவாய் கிண்ணமாகக் குழிந்து, நடு வளையத்திலிருந்து வரும் வேர் மண்ணைத் தொடாமல் நிற்கும். பிறகு கந்தகத் தூளையோ பட்டைத் தூளையோ மெல்லியதாகத் தூவுங்கள். மஞ்சள்தூளும் போடுகிறார்கள், கெடுதல் இல்லை. உண்மையில் புண்ணை ஆற்றுவது காற்று. தூள் அதற்குத் துணை.

காயவைக்கும்போது படுக்க வைக்காதீர்கள், நுனி வெளிச்சத்தைத் தேடி வளைந்துவிடும். வெறும் தொட்டியின் வாயில் அல்லது டம்ளரில் நிமிர்த்தி நிறுத்தி, வெயில் படாத, காற்றுள்ள இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று செ.மீ. குறுக்களவுள்ள தண்டுக்கு ஒரு வாரம், ஐந்து செ.மீ.க்கு மேல் இரண்டு வாரம், அதைவிடத் தடித்த தூணுக்கு ஒரு மாதம் வரை ஆகலாம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் காற்றே ஈரமாக இருக்கும் என்பதால் மின்விசிறிக்குக் கீழே வைப்பதும், நாள் கணக்கைக் கூட்டுவதும் அவசியம். வெட்டுவாய் விரலால் தட்டினால் கெட்டியாகக் கேட்க வேண்டும், அதுதான் அளவுகோல். காயும் நாட்களில் செடி கொஞ்சம் சுருங்கும். பதறித் தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

காய்ந்ததும் உலர்ந்த மண்கலவையின் மேல் ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் புதையும்படி நிறுத்தி, சாயாமல் குச்சி கொடுங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்து விளிம்பில் லேசாகத் தண்ணீர். மூன்று முதல் ஆறு வாரத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் வழக்கமான தண்ணீரும் காலை வெயிலும்.

நுனியில் தொடங்கிய அழுகலுக்கு இதே வெட்டு, தலைகீழாக. மேலிருந்து கீழே சுத்தமான சதை வரும்வரை வெட்டி, தண்ணீர் தேங்காதபடி சாய்வாக விட்டுவிடுங்கள். மிஞ்சிய அடிப்பகுதி சில மாதத்தில் பக்கத்துப் பொட்டுகளிலிருந்து குட்டி விடும், சில சமயம் முன்பிருந்ததைவிட அழகாக. நடுவில் ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால் ஸ்பூனால் சுரண்டி, பிளேடால் ஓரத்தைச் சுத்தம் செய்து, குழியைத் திறந்தே விடுங்கள். மண்ணையோ மெழுகையோ வைத்து அடைக்கக் கூடாது.

மருந்து எங்கே வருகிறது என்றால், வெட்டிய பிறகு. கார்பென்டாசிம் லிட்டருக்கு 1 கிராம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது ஃப்யூசேரியம் போன்ற பூஞ்சைகளுக்குச் சரி. மழைக்காலத்தில் கழுத்தைத் தாக்கும் பித்தியம், பைட்டாப்தோரா இரண்டும் உண்மையான பூஞ்சை இனம் கிடையாது, அவற்றை கார்பென்டாசிம் தொடாது. அவற்றுக்கு மெட்டலாக்ஸிலும் மேன்கோசெப்பும் சேர்ந்த தூள், லிட்டருக்கு 2 கிராம், நோய் வந்த செடிக்குப் பக்கத்தில் இருந்த தொட்டிகளின் மண்ணில் ஊற்றலாம். நாற்றத்தோடு கூழாகும் பாக்டீரியா அழுகலுக்கு இவை இரண்டுமே பயன்படாது. எந்த மருந்தானாலும் கையுறை, முகக்கவசம், லேபிளில் உள்ள அளவு; சமையலறைக் கரண்டியால் அளக்க வேண்டாம்.

சிவப்புத் தலை, பச்சைக் கால்

நர்சரிகளில் அதிகம் விற்கும் சிவப்பு, மஞ்சள் நிற மூன் கேக்டஸுக்கு மட்டும் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அது இரண்டு செடி. கீழே பச்சையாக, முக்கோணமாக இருப்பது டிராகன் பழச்செடியின் இனம். மேலே நிறமாக ஒட்டியிருப்பது பச்சையமே இல்லாத ஜிம்னோகேலிசியம். தலைக்குத் தானே உணவு தயாரிக்க முடியாது, எனவே அதை வெட்டி மண்ணில் வைத்தால் வேர்விடாமல் வாடிவிடும். கால் அழுகினால் தலையைக் காப்பாற்ற ஒரே வழி புதிய டிராகன் தண்டில் ஒட்டுவது. ஆரோக்கியமான தண்டை 8 முதல் 10 செ.மீ. உயரத்தில் தட்டையாக வெட்டி, தலையின் அடியையும் மெல்லியதாகச் சீவி, காய்வதற்குள் உடனே இரண்டின் நடு வளையங்களும் ஒரு இடத்திலாவது ஒன்றின்மேல் ஒன்று வரும்படி பொருத்த வேண்டும். தண்டின் வளையம் சிறியது, தலையின் வளையமும் சிறியது. நட்ட நடுவில் வைப்பதைவிட வளையத்தைப் பார்த்து வைப்பது முக்கியம். தொட்டியோடு சேர்த்து இரண்டு ரப்பர் பேண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, ஒரு வாரம் பத்து நாள் நிழலில் வையுங்கள். அழுகல் தலைக்குள்ளேயே ஏறியிருந்தால் ஒட்டிப் பயன் இல்லை. தலை மட்டும் அழுகிக் கால் நன்றாக இருந்தால் தலையை எடுத்துவிடுங்கள். கால் ஒரு டிராகன் செடியாக வளரும்.

இந்தச் செடிக்கு நேரடி மதிய வெயிலும் ஆகாது. தலையில் வெளிறிய பழுப்புத் திட்டு வந்தால் பெரும்பாலும் வெயில்தான்.

மறுபடி வராமல் இருக்க

வாங்கிய கள்ளி பெரும்பாலும் முழுக்கத் தென்னை நார்க்கழிவில் இருக்கும். நர்சரிக்கு அது வசதி, வீட்டுக்கு அது வம்பு. நனைந்தால் வேருக்கு நடுவே உள்ள கட்டி நாள் கணக்கில் காயாது. முழுக்கக் காய்ந்துவிட்டாலோ தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக ஓடிவிடும். வாங்கி ஒரு வாரத்துக்குள் அதை உதிர்த்து எடுத்துவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள். ஒட்டவைத்த அலங்காரக் கல்லையும் அப்போதே பெயர்த்துவிட வேண்டும். அதன் அடியில் மண் காய்ந்ததா இல்லையா என்று பார்க்கவே முடியாது.

கலவைக்கு: சலித்த செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் அரைப் பங்கு, பெருமணல் ஒன்றரைப் பங்கு, பெர்லைட் (பொரித்த வெள்ளை எரிமலைக் கல்) அல்லது 3 முதல் 5 மி.மீ. அளவு செங்கல் சில்லு ஒரு பங்கு. எம்-சாண்ட் என்றால் கட்டாயம் சலித்துக் கழுவுங்கள். அதிலுள்ள கல்மாவு ஈரத்தில் இறுகி வடிகாலை அடைத்துவிடும். தொட்டியில் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் பத்து நொடிக்குள் அடியில் வடிய ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் மணலைக் கூட்டுங்கள். தொட்டி, செடியைவிட இரண்டு மூன்று செ.மீ. மட்டும் அகலமாக, ஓட்டையுள்ள மண்தொட்டியாக இருப்பது நல்லது. ஓட்டையில்லாத பீங்கான் கிண்ணத்தில் அடியில் கூழாங்கல் போட்டு நடுவது பார்க்கத்தான் அழகு. தண்ணீர் அந்தக் கல்லுக்கு மேலே மண்ணிலேயே தேங்கும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் என்பதற்கு ஒரே விடை கிடையாது. சென்னைக் கோடையில் சிறு மண்தொட்டிக்கு ஒரு வாரம் பத்து நாள், அடைமழையில் மூன்று நான்கு வாரம் ஒன்றுமே இல்லாமல்கூட. விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். ஈரமோ மண்ணோ ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். ஊற்றும்போது அடியில் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். தினமும் ஒரு ஸ்பூன் என்று ஊற்றினால் மேல்மண்ணும் கழுத்தும் எப்போதும் ஈரமாக, அடி வேர் எப்போதும் காய்ந்து கிடக்கும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் மண்மட்டத்தை ஒட்டித் தண்டில் வெள்ளையும் பழுப்புமாக ஒரு படிவு ஏறும். உப்புதான். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். முடிந்தவரை மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றலாம். இல்லையென்றால் ஆண்டுக்கு ஒரு முறை கலவையை மாற்றிவிடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் உறைபனி நாட்களில் வெளியே விட்ட செடியில் கண்ணாடி போல நீர்கோத்துப் பிறகு கறுக்கும் திட்டுகள் குளிரால் வருபவை. அங்கே மார்கழி, தை இரவுகளில் உள்ளே எடுத்துவைத்து, மண்ணைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பதுதான் வழி.

அழுகிய செடி இருந்த மண்ணை வேறு கள்ளிக்குப் போட வேண்டாம், உர மண்ணில் கலக்கவும் வேண்டாம், குப்பையில் போடுங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற கணக்கில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெயிலில் இரண்டு நாள் காயவிட்ட பிறகு மறுபடி பயன்படுத்தலாம். புதிதாக வாங்கிவரும் எந்தக் கள்ளியையும் மூன்று வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்து, வாரம் ஒரு முறை வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு வரிசையில் சேர்த்துவிடுங்கள்.